கறிக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் அதன் மாற்றுகளும் – ஒரு வரலாறு

பிராய்லர் எனப்படும் கறிக்கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். கணக்கிட்டுப் பார்த்தால், 2 கிலோ எடையுள்ள ஒரு கோழி கடைக்கு வருவதற்குள் 3 கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் தின்றிருக்கும். அதில் மக்காச்சோளம் மட்டும் சுமார் 2 கிலோ. ஆகவே நாம் வாங்கும் ஒவ்வொரு கிலோ உயிர்க்கோழிக்கும் பின்னால் ஏறத்தாழ ஒரு கிலோ மக்காச்சோளம் இருக்கிறது. இந்த ஒரு தானியத்தின் விலை ஏறும்போதெல்லாம், ‘இதற்குப் பதிலாக வேறு எதைப் போடலாம்?’ என்ற கேள்வி தீவன ஆலைகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் எழுகிறது. கேள்வி புதியதன்று. கம்பு, சோளம், அரிசி நொய், மரவள்ளி, கோதுமை, பார்லி என்று ஒவ்வொரு நாடும் தன்னிடம் இருப்பதைப் போட்டுப் பார்த்திருக்கிறது. சில வென்றன, சில தோற்றன. பல மாற்றுகள் விலை மலிவாக இருந்த வரையில் மட்டுமே நிலைத்தன.

பெயர் பற்றி ஒரு சொல்

சோளம் என்பது தமிழ்நாட்டில் வழிவழியாக விளைந்துவரும் சிறுமணித் தானியம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தெற்கு மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து உழவர்கள் அதை உருவாக்கினர். 1492-க்குப் பிறகே அது கடல் கடந்தது. புதிதாக வந்ததற்கு ஏற்கெனவே தெரிந்த தானியத்தின் பெயரை ஒட்டியே நம்மவர்கள் பெயரிட்டனர். இலங்கைத் தமிழில் நிலைமை வேறு. அங்கே சோளம் என்றாலே மக்காச்சோளம்தான். நாம் சோளம் என்பதை அவர்கள் இறுங்கு என்பர். தீவனம் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் சத்துப் பட்டியலே தவறிவிடும்.

மக்காச்சோளம் முதலிடம் பெற்றது எப்படி?

கோழி என்றால் மக்காச்சோளம் என்பது இயற்கையின் விதியன்று. அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில், ஓஷன் வியூ என்னும் ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 1923-இல் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்து இறங்கின. அவற்றைத் திருப்பி அனுப்பாமல் வளர்த்து இறைச்சிக்கு விற்றார். நல்ல லாபம் கிடைத்தது. கறிக்கோழித் தொழிலின் தொடக்கமாக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. அதே பத்தாண்டில் வைட்டமின் டி கண்டறியப்பட்டதால், வெயிலே படாமல் கொட்டகைக்குள் ஆண்டு முழுவதும் கோழி வளர்க்க முடிந்தது. ஆனால் அக்காலத் தீவனத்தில் ஓட்ஸ், கோதுமைத் தவிடு போன்ற நார் மிகுந்த பொருள்கள் நிறைய இருந்தன.

1947-இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நார்ப்பொருள்களைக் குறைத்துவிட்டு மக்காச்சோளத்தை உயர்த்திப் பார்த்தனர். குஞ்சுகள் விரைவாக வளர்ந்தன. தீவனமும் குறைவாகவே செலவானது. ‘அதிக எரிசக்தித் தீவனம்’ என்ற கருத்து அங்கிருந்து பரவியது. மறு ஆண்டில் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டது. அதுவரை கோழிக்கு மீன்தூளோ இறைச்சித்தூளோ இல்லாமல் முடியாது என்றிருந்த நிலை மாறி, மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் மட்டுமே கொண்டு தீவனம் செய்ய வழி பிறந்தது. அதே 1948-இல் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று, மார்பு அகன்ற இனங்களை முன்னிறுத்தியது.

இனமும் தீவனமும் கைகோத்து நடந்ததன் விளைவு மிகப் பெரிது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய இனத்தையும் புதிய இனத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தனர். 56 நாளில் 1957-ஆம் ஆண்டு இனம் 0.9 கிலோ எடையே வந்தது; 2005-ஆம் ஆண்டு இனமோ 4.2 கிலோ. இவ்வளவு வேகமாக வளரும் உடலுக்கு எரிசக்தி செறிந்த தானியம் தேவை. கிலோவுக்கு ஏறத்தாழ 3,350 கிலோ கலோரி, 2 விழுக்காட்டுக்குச் சற்றே மேல் நார், போதிய லினோலியிக் அமிலம், தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும் நிறமி ஆகிய எல்லாம் ஒரே தானியத்தில் அமைந்திருப்பது மக்காச்சோளத்தில்தான். புரதம் மட்டும் 8 அல்லது 9 விழுக்காடு. அந்தக் குறையைச் சோயா நிரப்பியது.

மஞ்சள் நிறம் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. மேலை நாட்டுச் சந்தையில் தோலோடு விற்கும் கோழிக்கு நிறம் விலையைக் கூட்டும். நம் கடைகளில் பெரும்பாலோர் தோலை உரித்துத்தான் வாங்குகிறார்கள். எனவே கறிக்கோழியைப் பொறுத்தவரை நிறத்துக்காக மக்காச்சோளத்தை விடமுடியாது என்ற வாதம் இங்கே எடுபடாது. முட்டைக்கோழிக்கு அது பொருந்தும். கரு வெளுத்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

ஐரோப்பா சென்ற வேறு வழி

வட ஐரோப்பாவின் குளிரில் மக்காச்சோளம் எளிதில் முற்றுவதில்லை. பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் கோதுமையும் பார்லியும்தான் தீவனத்தின் அடிப்படை. இதில் ஒரு சிக்கல் இருந்தது. பார்லியில் பீட்டா குளூகன், கோதுமையிலும் ரையிலும் அராபினோசைலன் என்னும் மாவல்லாத சர்க்கரைச் சேர்மங்கள் உள்ளன. இவை குடலில் நீரை ஈர்த்துப் பசைபோல் ஆகிவிடும். அந்தப் பசைக்குள் சத்துகள் சிக்கிக்கொள்ளும், எச்சம் ஈரமாகி ஒட்டும், கூளம் நனையும், அம்மோனியா வாடை எழும், கோழியின் பாதம் புண்ணாகும்.

1950-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள், பார்லியை நீரில் ஊறவைத்தோ நொதிகளைச் சேர்த்தோ கொடுத்தால் இக்குறை நீங்குவதைக் கண்டனர். ஆனால் அன்று நொதியின் விலை அதிகம், மக்காச்சோளமோ மலிவு. எனவே அந்தக் கண்டுபிடிப்பு முப்பது ஆண்டுகள் ஏடுகளில் உறங்கியது. 1980-களில் பின்லாந்தில் தொடங்கி, நுண்ணுயிர்கள் மூலம் மலிவாக உற்பத்தியான நொதிகள் சந்தைக்கு வந்தன. பார்லிக்கு பீட்டா குளூகனேஸ், கோதுமைக்கு சைலனேஸ். இன்று ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கோதுமை தின்று வளரும் கறிக்கோழி, மக்காச்சோளம் தின்று வளர்வதற்கு எடையில் இளைத்ததன்று. மாற்றுத் தீவனம் என்றால் தரம் குறைந்த தீவனம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவின் மற்றொரு கதை இன்னும் சுவையானது. அது வேதியியல் கதையன்று, சுங்க வரியின் கதை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் உழவர்களைக் காப்பதற்காக 1960-களிலிருந்து தானிய விலையை உலகச் சந்தையைவிட உயர்வாக வைத்திருந்தது. வெளிநாட்டுத் தானியத்துக்குக் கடும் வரி. ஆனால் வணிக ஒப்பந்தங்களின்படி மரவள்ளிக்கு 6 விழுக்காட்டுக்கு மேல் வரி விதிக்க முடியாது. சோயாவுக்கு வரியே இல்லை. டச்சு, ஜெர்மன் தீவன ஆலைகள் கணக்குப் போட்டன. நான்கு பங்கு மரவள்ளியும் ஒரு பங்கு சோயா புண்ணாக்கும் சேர்ந்தால் சத்தில் ஏறத்தாழ ஒரு தானியத்துக்கு ஈடு. விலையோ மிகக் குறைவு!

விளைவாக, தாய்லாந்தின் வடகிழக்கு மாநிலங்களில் காடுகள் அழிந்து மரவள்ளித் தோட்டங்கள் பெருகின. கிழங்கைச் சீவி, வெயிலில் உலர்த்தி, சிறு குச்சிகளாக அழுத்திக் கப்பல் கப்பலாக ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு அனுப்பினர். பெரும்பகுதி பன்றிகளுக்குப் போனாலும் கோழித் தீவனத்திலும் ஒரு பங்கு சேர்ந்தது. தாய்லாந்து மக்கள் தாங்கள் அதிகம் உண்ணாத ஒரு பயிரை, தாங்கள் காணாத கால்நடைகளுக்காகப் பயிரிட்டார்கள். 1982-இல் ஐரோப்பா தாய்லாந்துடன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1992-இல் ஐரோப்பிய வேளாண் கொள்கை சீர்திருத்தப்பட்டு உள்நாட்டுத் தானிய விலை இறங்கியதும், மரவள்ளியின் தேவை படிப்படியாகச் சரிந்தது. கிழங்கின் சத்து அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது விலை மட்டுமே.

தமிழ்நாட்டில் கம்பும் சோளமும் இடம்பெயர்ந்த கதை

நம் ஊர்களில் முற்றத்துக் கோழிக்குத் தனியாகத் தீவனம் என்று ஒன்று இருந்ததில்லை. காலையில் திறந்துவிடும்போது ஒரு கைப்பிடி கம்போ நொய்யோ இறைப்பார்கள். மீதியைக் கோழியே கிளறித் தேடிக்கொள்ளும். பண்ணை முறை வந்த 1960, 70-களில் தீவனத்தில் சோளம், கம்பு, அரிசித் தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவை கலந்தே இருந்தன. கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள்.

அரசின் பயிர் ஆராய்ச்சியும் அக்காலத்தில் தீவிரமாக நடந்தது. 1957-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1961-இல் முதல் கலப்பின மக்காச்சோள ரகங்கள் வெளிவந்தன. 1964-இல் சி.எஸ்.எச்.-1 என்ற கலப்பினச் சோளமும், 1965-இல் எச்.பி.-1 என்ற கலப்பினக் கம்பும் வந்தன. ஆக, மூன்று தானியங்களும் ஓட்டப் பந்தயத்தில் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் நின்றன. மக்காச்சோளம் முந்தியதற்குப் பல காரணங்கள். கதிர் உறைக்குள் இருப்பதால் குருவிகள் அவ்வளவாகத் தின்ன முடியாது. தனியார் விதை நிறுவனங்கள் அதில் பெரும் முதலீடு செய்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு ஆள் இருந்தது.

அந்த ஆள் கோழிப்பண்ணை. நாமக்கல் முட்டைக்கும், பல்லடமும் உடுமலைப்பேட்டையும் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றன. 1984-இல் உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனம், 1990-களில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பியது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையது. வளர்த்துக் கொடுத்ததற்குக் கூலி. கொங்கு நாட்டில் கிணறு வற்றிய தோட்டக்காரர்கள் பலருக்கு இது பிழைக்கும் வழியாயிற்று. நாமக்கல்லில் 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்தது; தீவனப் பகுப்பாய்வு ஊரிலேயே கிடைத்தது.

தீவன ஆலைகளின் பசி பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களை மாற்றிவிட்டது. கம்பும் சோளமும் கடலையும் இருந்த இடத்தில் மக்காச்சோளம் நின்றது. நாடு முழுவதிலும் விளைந்ததில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு தீவனத்துக்கே போனது. ‘மாற்றுத் தீவனம்’ என்று இன்று நாம் தேடும் கம்பும் சோளமும், மக்காச்சோளம் வந்து இடம்பெயர்த்த பழைய தீவனங்களே. நான் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் காலையில் கம்பங்கூழ் குடித்து வந்ததையும் கண்டேன்; கம்பு என்றால் என்னவென்று கேட்ட மாணவர்களையும் கண்டேன். இடைவெளி ஒரு தலைமுறைகூட இல்லை.

மாற்றும் கணக்கு

ஒரு தானியத்தை எடுத்துவிட்டு அதே எடைக்கு இன்னொன்றைப் போடுவது மாற்றீடு ஆகாது. எரிசக்தியும் புரதமும் அமினோ அமிலங்களும் பழைய அளவிலேயே நிற்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-இல் வெளியிட்ட விதிப்படி, கறிக்கோழியின் முதல் பருவத் தீவனத்தில் 23 விழுக்காடு புரதமும் 3,000 கிலோ கலோரியும் இருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் 20 விழுக்காடு, 3,200 கிலோ கலோரி.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு. 20 கிலோ மக்காச்சோளத்தை எடுக்கிறோம் என்று கொள்வோம். புரதம் 8.8 விழுக்காடு என்றால், அதோடு போகும் புரதம் 1.76 கிலோ. அந்த இடத்தில் 20 கிலோ மரவள்ளி மாவு போட்டால், அதன் புரதம் 2.5 விழுக்காடுதான், கிடைப்பது அரை கிலோ. எனவே மரவள்ளி 17 கிலோவும் 46 விழுக்காடு புரதமுள்ள சோயா புண்ணாக்கு 3 கிலோவும் போட வேண்டும். அப்போது 0.43-உம் 1.38-உம் சேர்ந்து 1.8 கிலோ ஆகிவிடும். இனி விலை. மக்காச்சோளம் கிலோ 24 ரூபாய், சோயா 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 480 ரூபாயில் சோயாவுக்கு 120 போக மீதி 360. அதை 17-ஆல் வகுத்தால் 21 ரூபாய் சொச்சம். மரவள்ளி மாவு இதற்குக் கீழே கிடைத்தால்தான் லாபம். ரோட்டர்டாமில் போட்ட கணக்கும் இதேதான்.

கம்புக்கு இக்கணக்கு தலைகீழாகும். அதன் புரதம் பெரும்பாலும் 11 விழுக்காடு அல்லது அதற்கு மேல். 20 கிலோ கம்பு போட்டால் புரதம் மிஞ்சும். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சோயாவைக் குறைக்கலாம். ஆனால் எரிசக்தி குறையும். அதைச் சிறிது எண்ணெய் சேர்த்து ஈடுகட்ட வேண்டும்.

ஒரே நேரத்தில் இருபது பொருள்களையும் பதினைந்து சத்துகளையும் வைத்து இக்கணக்கைக் கையால் போட முடியாது. 1947-இல் ஜார்ஜ் டான்சிக் உருவாக்கிய நேரியல் திட்டமிடல் முறை இதற்கு வழி காட்டியது. 1951-இல் பிரெடரிக் வா என்ற பொருளியலறிஞர் மாட்டுத் தீவனத்துக்குக் குறைந்த செலவுக் கலவையைக் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் கணினி வந்ததும் கோழித் தீவன ஆலைகள் இதைப் பிடித்துக்கொண்டன. அதே காலத்தில் மெத்தியோனின் தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியது. ஜப்பானில் 1950-களின் இறுதியில் நொதித்தல் முறையில் லைசின் கிடைத்தது. குறைந்த அமினோ அமிலத்தைப் பொட்டலமாக வாங்கிச் சேர்க்கலாம் என்றானபின், எந்தத் தானியமும் இன்றியமையாதது என்ற நிலை கணக்களவில் போய்விட்டது.

ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு வில்லங்கம்

சோளத்தின் வில்லங்கம் டானின். குருவி தின்னாதிருக்க அந்தப் பயிரே வளர்த்துக்கொண்ட காப்பு அது. துவர்ப்பான அந்தப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும். வெள்ளைச் சோளத்தில் பெரும்பாலும் டானின் இராது. சிவப்பாக இருப்பதாலேயே டானின் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பிளீச்சிங் கரைசலோடு காரம் சேர்த்து அதில் மணிகளை ஊறவைத்தால், டானின் உள்ளவை சிறிது நேரத்தில் கறுத்துவிடும். ஆய்வகங்களில் செய்யும் எளிய சோதனை இது. டானின் இல்லாத சோளம் மக்காச்சோளத்தின் எரிசக்தியை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. ஆயினும் நம் சந்தையில் தீவனத்துக்கு வருவது, மழையில் நனைந்து கறுத்துப்போன சோளம்தான் பெரும்பாலும். மனிதர் வாங்க மறுத்ததால்தான் அது மலிவு.

கறுத்த தானியத்தில் பூஞ்சண நஞ்சு இருக்கக்கூடும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் குற்றம் இருப்பது தெரிந்தது. அப்லாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான். மக்காச்சோளமும் இதற்கு விலக்கன்று. ஈரத்தோடு மூட்டை கட்டிய எந்தத் தானியத்துக்கும் இது வரும்.

கம்பில் டானின் தொல்லை இல்லை. எண்ணெய்ச் சத்து மக்காச்சோளத்தைவிடச் சற்றுக் கூடுதல்; மணி சிறிதாக இருப்பதால் வளர்ந்த கோழிக்கு ஓரளவு முழுதாகவே கலக்கலாம், அரைக்கும் மின்செலவு மிச்சம். எரிசக்தி பற்றி மட்டும் நூல்கள் ஒத்துப்போவதில்லை. கிலோவுக்கு 2,700 முதல் 3,200 கிலோ கலோரி வரை பல மதிப்புகளைக் காணலாம். ரகமும் மண்ணும் மாறுவதால் அப்படி. என் கருத்தில், கறிக்கோழிக்கு நம் மண்ணில் கிடைக்கும் மாற்றுகளில் முதலிடம் கம்புக்கே. தடையாக இருப்பது சத்தன்று, வரத்து. ஓர் ஆலைக்கு ஆண்டு முழுவதும், ஒரே தரத்தில், லாரி லாரியாகக் கம்பு கிடைப்பதில்லை.

கேழ்வரகில் நாரும் டானினும் உண்டு. குறைந்த அளவுக்கே ஏற்றது. அரிசி நொய் நல்ல தானியம், எளிதில் செரிக்கும், நிறமி கிடையாது. 1970, 80-களில் மாங்கொட்டைப் பருப்பு, புளியங்கொட்டை, சால் விதை முதலியவற்றையும் இந்திய ஆய்வு நிலையங்கள் சோதித்தன. பெரும்பாலானவை டானினால் தோற்றன. சேர்த்துச் சுத்தம் செய்து கொண்டுவரும் செலவும் அவற்றைப் பொறுத்தவரை கட்டுப்படியாகவில்லை.

மரவள்ளி சேலம், நாமக்கல் பகுதிக்குப் பழக்கமான பயிர். இரண்டாம் உலகப்போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதால் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகள் தோன்றின. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை திப்பி எனப்படும். உலர்ந்த திப்பியில் மாவுச்சத்து ஓரளவு தங்கியிருந்தாலும் நார் அதிகம். மாட்டுக்கு நன்று, கறிக்கோழிக்குச் சிறிதளவே ஆகும். முழுக் கிழங்கில் சயனைடு தரும் லினமாரின் உண்டு. சீவி வெயிலில் நன்றாக உலர்த்தினால் பெருமளவு நீங்கிவிடும். மாவு பறந்து புழுதியாவதால் குச்சித் தீவனமாக அழுத்தித் தருவதே உகந்தது.

எரிபொருளோடு போட்டி

இதுவரை மக்காச்சோளத்துக்கு மனிதனும் கோழியும் மாடும் போட்டியிட்டன. இப்போது வண்டியும் சேர்ந்துவிட்டது. 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட படைப்புழு அதே பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியபோது ஒரு தட்டுப்பாடு வந்தது. 2019-இல் இறக்குமதிக்கு அனுமதி தர வேண்டியதாயிற்று. அது ஒரு பருவத்து நோய். எத்தனால் அப்படியன்று.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2030-இலிருந்து 2025-க்கு மத்திய அரசு முன்தள்ளியது. முதலில் கரும்பும் அரிசியும் அதற்குப் பயன்பட்டன. அரிசி நொய்யின் விலை ஏறியதால் 2022 செப்டம்பரில் அதன் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. கோழித் தீவனத்துக்கு நொய் தேவை என்பதையும் அரசு ஒரு காரணமாகச் சொன்னது. 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. எஞ்சியது மக்காச்சோளம். 2023-24 பருவத்தில் எத்தனாலின் மிகப் பெரிய மூலப்பொருளாக அது ஆகிவிட்டது. வழக்கமாக ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்தது. குறைந்த வரியில் 5 லட்சம் டன் வரை கொண்டுவர அரசு அனுமதித்தது. கோழிப்பண்ணைச் சங்கங்கள் வரியே இல்லாமல் இன்னும் அதிகம் வேண்டும் என்று கோரின.

உழவர் பக்கமிருந்து பார்த்தால் இது நல்ல காலம். குவிண்டாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2020-21-இல் 1,850 ரூபாய். 2025-26-இல் 2,400 ரூபாய். முன்பெல்லாம் பல பருவங்களில் ஆதரவு விலைக்குக் கீழே விற்றவர்களுக்கு இப்போது இரு வாங்குவோர் கிடைத்திருக்கிறார்கள். பெரம்பலூர்க்காரர் மகிழ்வதும் பல்லடத்துக்காரர் கவலைப்படுவதும் ஒரே காரணத்தால்தான்.

எத்தனால் ஆலையிலிருந்தே ஒரு மாற்றுத் தீவனமும் வருகிறது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் எடுத்தபின், ஏறத்தாழ 300 கிலோ உலர் சக்கை மிஞ்சும். வணிகர்கள் இதை டி.டி.ஜி.எஸ். என்பர். மாவுச்சத்து முழுவதும் சாராயமாகிப் போய்விட்டதால், புரதமும் எண்ணெயும் நாரும் மூன்று மடங்காகச் செறிந்திருக்கும். தானியத்தில் நஞ்சு இருந்திருந்தால் அதுவும் மூன்று மடங்கு. இது மக்காச்சோளத்துக்கு மாற்று என்பதைவிட, புண்ணாக்குக்கு மாற்று என்பதே சரி. அரிசிச் சக்கை வந்தபின் சோயாவின் விலைக்கு அது கடிவாளம் போட்டது உண்மை. எரிசக்திக்கு மட்டும் அது விடையாகாது.

இலங்கையில் நடந்தது

தானியம் குறைந்தால் தட்டு எப்படிக் காலியாகும் என்பதற்கு அண்டை நாடே சான்று. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. உரம் நிறைய கேட்கும் பயிரான மக்காச்சோளத்தின் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாததால் இறக்குமதியும் செய்ய முடியவில்லை. தீவன விலை தாங்காமல் சிறு பண்ணைகள் மூடப்பட்டன, இனக்கோழிகளே குறைந்தன. அரிசியைக் கோழிக்குப் போடலாம் என்றால் மக்களுக்கே அரிசி போதவில்லை. 2023-இல் அந்நாடு இந்தியாவிலிருந்து முட்டை வாங்க நேர்ந்தது.

செலவு யார் தலையில்?

மாற்றுத் தீவனம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இறுதியில், இத்தனை விழுக்காடு வரை சேர்த்தால் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடியும். ஆய்வுக் கொட்டகையில் அது சரி. ஒப்பந்தப் பண்ணையில் வேறொரு கேள்வி இருக்கிறது. அங்கே வளர்ப்புக் கூலி, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் செலவாயிற்று என்பதோடு பிணைக்கப்பட்டுள்ளது. கலவை மாறி, ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் செலவான இடத்தில் 1.7 கிலோ செலவானால், 5,000 கோழி உள்ள கொட்டகையில் 2 கிலோ எடைக் கணக்கில் 1,000 கிலோ தீவனம் கூடுதலாகும். மலிவான கலவையால் வந்த மிச்சம் நிறுவனத்துக்கு; தீவனத் திறன் குறைந்ததற்கான பிடித்தம் பண்ணையாளருக்கு. ஒப்பந்தத்தில் இதற்குத் தனி ஏற்பாடு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். கூலியை உயர்த்தக் கோரிக் கொங்குப் பகுதிப் பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். தீவனத் தரம் பற்றிய முறையீடும் அவற்றோடு சேர்ந்தே எழுகிறது.

மூட்டைமேல் தீவனப் பருவத்தின் பெயரும் புரத அளவும் இருக்கலாம். எந்தத் தானியம் எத்தனை பங்கு என்பது நிறுவனத்தின் கணினிக்கு மட்டுமே தெரியும். பண்ணையாளருக்குத் தெரியவரும் வழி வேறு. கலவை ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நாள்களில் எச்சம் இளகும். தேங்காய் நார்க்கழிவுக் கூளம் ஈரமாகிக் கட்டி தட்டும். அதைக் கிளறிவிடக் கொட்டகையில் ஆள் கூடுதலாக வேண்டியிருக்கும். அந்த ஆள் கூலி பெரும்பாலும் பண்ணையாளர் கணக்கில்தான் ஏறும்.